ரோபோவுக்குப் பிடி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்வெளி நிலையங்களை இனி ரோபோக்களே கட்டும், பழுதும் பார்க்கும் என்ற கட்டுரையைப் படித்தேன். நான் இயந்திரப் பராமரிப்பு ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ரோபோவின் திறமையை அத்தனை சொன்னவர், அது கழற்றப்போகும் போல்ட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எங்கள் தொழிலில் பாதித் தகராறு அங்கேதான். ஸ்பேனர் நுழைய இடம் விடாமல் வரைந்து கொடுத்துவிடுவார்கள், மல்லுக்கட்டுவது நாங்கள்.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2001 முதல் வேலை செய்யும் கனடா நாட்டு ரோபோக் கை 17 மீட்டருக்கு மேல் நீளம். இரு முனைகளையும் மாற்றி மாற்றி ஊன்றி, அட்டைபோல நகரும். அது பற்றிக்கொள்ள நிலையத்தின் மேல் ஆங்காங்கே பிடிகள் வைத்துக் கட்டியிருப்பதால்தான் இது நடக்கிறது. 2008இல் போய்ச் சேர்ந்த டெக்ஸ்டர் ரோபோ, 2011இல் பழுதான மின்பெட்டி ஒன்றைக் கழற்றி வேறு மாட்டியது. அந்தப் பெட்டியும் கழற்றி மாட்டுவதற்கென்றே செய்யப்பட்டது.

லேண்ட்சாட் 7 செயற்கைக்கோள் அப்படியல்ல. 1999இல் ஏவும் முன்பே எரிபொருள் வாயை மூடி, மேலே உறையும் போர்த்திவிட்டார்கள். உறையை வெட்டி, கம்பியை அறுத்து, மூடியைத் திருகி எரிபொருள் நிரப்ப நாசா போட்ட ஓசாம்-1 திட்டம் 2024 மார்ச்சில் கைவிடப்பட்டது. செலவு, தாமதம், தொழில்நுட்பச் சிக்கல் என்றார்கள். கூடவே, இதற்கென ஆயத்தம் செய்யாத செயற்கைக்கோள்களில் எரிபொருள் நிரப்பும் யோசனையிலிருந்து துறையே விலகி வருகிறது என்றும் சொன்னார்கள். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

பிடியில்லாத இன்டெல்சாட் 901 செயற்கைக்கோளை 2020இல் எம்இவி-1 என்ற உதவி விண்கலம் பிடிக்கவில்லையா என்று சிலர் கேட்கலாம். பிடித்தது, செயற்கைக்கோளின் எஞ்சின் வாய்க்குள் கருவியை நுழைத்து. உள்ளே ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. தன் எஞ்சினால் அதைச் சுமந்ததோடு சரி.

இஸ்ரோவும் 2024 டிசம்பரில் பிஎஸ்எல்வி சி-60 மூலம் 7 மூட்டுள்ள நடக்கும் ரோபோக் கையைச் சோதனைக்கு அனுப்பியது. 2035க்குள் நமக்கென்று ஒரு விண்வெளி நிலையம் அமைக்கத் திட்டமிருக்கிறது. அதன் வரைபடம் இறுதியாகும் முன்பே பெட்டிக்குப் பெட்டி பிடி, கேமராவுக்குத் தெரியும் குறி, ஒரே அளவு போல்ட் என்று தீர்மானித்துவிட வேண்டும். தளர்த்தினாலும் போல்ட் பெட்டியை விட்டுப் போகக் கூடாது, மிதந்து போனால் அதுவே விண்குப்பை. எடை கூடும் என்பார்கள். கூடட்டும், பழுதான பெட்டியோடு சேர்த்து நிலையத்தையே கழித்துக்கட்டுவதைவிட அது மலிவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர்