மந்தம் என்றதும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மேனியாவும் (மிகை எழுச்சி) மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர், "சொல்ல வந்த வார்த்தை வாயில் வரவில்லை, படித்தது மனதில் நிற்கவில்லை" என்றால், "நோய் அடங்கியிருக்கிறதே, அது போதாதா" என்ற பதில்தான் வீட்டில் கிடைக்கிறது. போதாது. இந்த மந்தம் காரணம் தேட வேண்டிய அறிகுறி.

இந்நோய்க்குத் தரும் மருந்துகளில் ஒன்றான லித்தியம் எடுப்பவருக்கு முதல் வேலை ரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பது. கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும்: இரவு 9 மணிக்குச் சாப்பிட்டால் காலை 9 மணிக்கு. காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனால் அளவு கூடுதலாகக் காட்டும்; அதை நம்பி டோஸைக் குறைத்தால் நோய் திரும்பக்கூடும். நீண்டகாலத்தில் பலருக்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் போதும். 1.0-ஐ ஒட்டி இருப்பவருக்கு மருத்துவர் சற்றுக் குறைத்தாலே தெளிவு வருவதுண்டு. கூடவே டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை), கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), கால்சியம் பார்க்க வேண்டும். லித்தியம் தைராய்டைத் தளர்த்தும். அதனால் வரும் மறதிக்கு தைராக்ஸின் கொடுக்கலாம். லித்தியத்தைக் கைவிடத் தேவையில்லை.

இதே நோய்க்கான வால்ப்ரோயேட் மருந்து எடுப்பவர் குழம்பினால், ஈரல் பரிசோதனை சரியாக இருந்தாலும் ரத்தத்தில் அம்மோனியா பார்க்க வேண்டும். டோபிராமேட் மருந்தும் சேர்ந்திருந்தால் கட்டாயம். கார்பமாசெபைன் மருந்தில் ரத்தத்தில் சோடியம் குறையக்கூடும்; அதுவும் மந்தம் தரும்.

பலரும் கவனிக்கத் தவறுவது பக்கத் துணையாக எழுதிய மாத்திரைகளை. ஆன்டிசைக்காடிக் (மனப்பிறழ்வைக் கட்டுப்படுத்தும்) மருந்தால் வந்த தசை விறைப்புக்குத் தொடங்கிய ட்ரைஹெக்சிபெனிடில், தூக்கத்துக்குக் கொடுத்த குளோனசெபாம் இரண்டுமே நினைவாற்றலைக் கெடுக்கும். விறைப்பு போன பிறகும் சீட்டில் அவை அப்படியே தொடர்கின்றன. நான் முதலில் சந்தேகப்படுவது இவற்றைத்தான். முழுதாக விலகாத மனச்சோர்வும் இதே மந்தத்தைத் தரும்.

லித்தியம் எடுப்பவருக்குத் திடீரென நா குழறி, நடை தள்ளாடி, கை பெரிதாக நடுங்கினால் அது சாதாரணப் பக்கவிளைவு அல்ல, லித்தியம் நச்சாக இருக்கலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ஆகியவை லித்தியம் அளவை ஏற்றிவிடும். அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றபடி யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. லித்தியத்தை நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். லாமோட்ரிஜின் என்ற மாற்று மருந்தில் மந்தம் குறைவு. ஆனால் அது மனச்சோர்வைத் தடுக்கும் அளவுக்கு மேனியாவைத் தடுக்காது. மேனியா அதிகம் வருபவருக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

இப்படிக்கு,
மனநல மருந்தாளுநர் ஒருவர்