லேபில் ஸ்கிரிப்ட் போடுவதற்கு முன்னால்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. லேபில் உள்ள 40 கம்ப்யூட்டரிலும், மாணவர்கள் லாகின் ஆனதும் டெஸ்க்டாப்பில் கிடப்பதையெல்லாம் தானாகத் துடைக்கிற கட்டளை வரிசை, அதான் ஸ்கிரிப்ட், போடப்போகிறேன் என்றாயே, அதைச் செய்வதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

பொங்கலுக்கு வந்தபோது எனக்கும் ஒரு ஸ்கிரிப்ட் போட்டுக் கொடுத்தாய். லாகின் ஆனதும் கணக்கு ஃபோல்டர் முழுக்க, எஸ்.பி. ரோட்டில் வாங்கின ஹார்டு டிஸ்க்குக்குத் தானாகப் போய்விடும் என்றாய். கறுப்பு ஜன்னல் ஒன்று பளிச்சென்று வந்து மறையும். அதைப் பார்த்தாலே எனக்கு நிம்மதி. அது வராத நாட்களை நான் கவனிக்கவே இல்லை.

போன 14ஆம் தேதி பழைய வருஷத்து ஃபோல்டர்களைக் கழித்தபோது, சிக்பேட்டை பாத்திரக்கடைக்காரருடைய நடப்பு வருஷக் கணக்கும் சேர்ந்து போய்விட்டது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட் கொடுத்ததால் ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. 17ஆம் தேதி இரவுதான் தெரிந்தது. 20ஆம் தேதிக்குள் அவருக்கு ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன், போட்டாக வேண்டும். கை நடுங்க ஹார்டு டிஸ்க்கைத் திறந்தேன். ஃபோல்டர் இருந்தது. ஆனால் 6ஆம் தேதி வரைக்கும்தான்.

நான் லேப்டாப்பை ஷட் டவுன் செய்வதில்லை. இரவு மூடிவைத்து, காலையில் திறந்து பாஸ்வேர்டு போடுவேன். அதை லாகின் என்றே நினைத்திருந்தேன். விண்டோஸைப் பொறுத்தவரை அது வெறும் அன்லாக். வீட்டுக்குள் தூங்கினவள் காலையில் தாழ்ப்பாளைத் திறப்பது மாதிரி; வெளியூரிலிருந்து வந்து நுழைவது வேறு. 6ஆம் தேதி அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆனதால் அன்று ஓடியிருக்கிறது. 10ஆம் தேதியும் ரீஸ்டார்ட் செய்தேன், ஆனால் அன்று கரண்ட் இல்லை. ஸ்கிரிப்டை எப்போது ஓட்டுவது என்று விண்டோஸுக்குச் சொல்கிற டாஸ்க் ஷெட்யூலரில் கண்டிஷன்ஸ் பக்கத்தில், ஏசி பவர், அதாவது சுவர் கரண்ட், இருந்தால் மட்டுமே தொடங்கு என்று ஒரு டிக் தானாகவே விழுந்திருக்கும். பேட்டரியில் ஓடாது.

உன்மேல் கோபம்கூட வந்தது. சைன் அவுட் செய்து திரும்ப லாகின் ஆகி, ஓடுகிறதா பார்ப்போம் என்று மவுஸில் கை வைத்துவிட்டேன். அதற்கு முன் என்னதான் எழுதியிருக்கிறாய் என்று அந்த ஸ்கிரிப்ட் இருக்கிற பேட்ச் ஃபைலை நோட்பேடில் திறந்தேன். நகல் எடுக்கிற ரோபோகாப்பி என்ற கட்டளை வரியின் கடைசியில் எம்.ஐ.ஆர். என்று ஒரு சுவிட்ச். மூலத்தில் எது இல்லையோ, அதை நகலிலும் அழித்துவிடும் அது. அன்று இரவு ஒரு தடவை லாகின் ஆகியிருந்தால் அந்தக் கடையின் கணக்கு எங்கேயுமே இருந்திருக்காது. உடனே ஹார்டு டிஸ்க் வயரை உருவினேன். இத்தனை நாள் ஓடாததுதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது, பாப்பா.

7 முதல் 14 வரைக்கும் நான் ஏற்றியிருந்த பில்களைத் திரும்ப வாங்கிவந்து இரண்டு நாள் உட்கார்ந்து ஏற்றினேன். 19ஆம் தேதி ரிட்டர்ன் போயிற்று.

இப்போது அந்த சுவிட்சை எடுத்துவிட்டேன். தேதியைப் பெயராக வைத்து தினம் ஒரு ஃபோல்டருக்கு நகல் போகிறது. அன்லாக் ஆனாலும் ஓடும்படி டாஸ்க் ஷெட்யூலரில் இன்னொரு ட்ரிகர், அதாவது தொடங்கும் நேரம், சேர்த்தேன். அதில் வேறொரு சிக்கல் வந்தது. அன்லாக் ஆகும்போது கணக்கு சாஃப்ட்வேர் திறந்தே இருக்கும், ஃபைல் பூட்டிக் கிடக்கும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ரோபோகாப்பி 30 விநாடிக்கு ஒரு தடவையாக 10 லட்சம் தடவை முயலும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட ஒரு வருஷம். 5 விநாடி இடைவெளியில் 2 தடவை போதும் என்று மாற்றி, இரவில் சாஃப்ட்வேரை மூடிவிட்டே லேப்டாப்பை மூடுகிறேன். நகல் முடிந்ததும் தேதியும் நேரமும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரியாக விழும். காலையில் விளக்கேற்றிவிட்டு வந்து முதலில் அந்த வரியைத்தான் பார்க்கிறேன்.

உன் லேபை நினைத்துப் பார். கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் கம்ப்யூட்டர் அணைந்து எழும். பிள்ளை திரும்ப லாகின் ஆகும். இரண்டு மணி நேரம் எழுதி டெஸ்க்டாப்பில் சேமித்த புரோகிராமை உன் ஸ்கிரிப்ட் துடைத்துவிடும். ஸ்கிரிப்ட் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. தான்தான் சரியாக சேமிக்கவில்லை என்று நினைத்து அழும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்திலிருந்து கட்டளை போடுகிற குரூப் பாலிசியில் போட்டால் 40 கம்ப்யூட்டரிலும் இதே கதைதான்.

அழிக்காதே. தேதி போட்ட ஒரு ஃபோல்டருக்கு நகர்த்து. அது எங்கே இருக்கிறது என்று லேப் சுவரில் எழுதி ஒட்டு. ஒரு மாதம் கழித்து நீயே உட்கார்ந்து பார்த்துக் கையால் அழி. ஸ்கிரிப்டில் ஃபோல்டரின் பாதையை முழுதாக எழுது. டாஸ்க் ஷெட்யூலரில் ‘ஸ்டார்ட் இன்’ கட்டத்தை வெறுமையாக விட்டால் ஸ்கிரிப்ட் விண்டோஸின் உயிர் இருக்கிற சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்றுகொண்டுதான் தொடங்கும். அங்கே அழிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. ஓட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன்.

ராத்திரி பட்டினியாகப் படுக்காதே.

அம்மா