தலைசுற்றலுக்கு மாத்திரையா பழி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் நலப் பக்கத்தில் ஒரு வரி: ‘பிரஷர் மாத்திரை மூளைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும், தலை சுற்றினால் சில நாள் நிறுத்திப் பாருங்கள்.’ எழுதியவர் பெயர் இல்லை. அடக்கமானவர் போலும்.

மூளையின் சிறு தமனிகள் தாமாகவே சுருங்கி விரிந்து ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்வது தாங்கள் அறியாததல்ல. மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடைப்பட்ட சராசரி அழுத்தம் ஏறக்குறைய 60 முதல் 150 வரை ஓட்டம் அதிகம் மாறாது. பல வருடம் பிரஷரைக் கவனிக்காமல் விட்டவருக்குத் தமனிச் சுவர் தடித்து, இந்த எல்லையே மேலே நகர்ந்துவிடும். மேல் அளவு 220-ல் இருப்பவரை ஒரு மணி நேரத்தில் 120-க்கு இறக்கினால் அவர் மூளைக்கு ரத்தம் போதாது. அதனால்தான் மருந்தைக் குறைவாகத் தொடங்கி வாரக்கணக்கில் கூட்டுகிறார்கள். எல்லையும் மெல்லக் கீழே வந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஸ்பிரின்ட் ஆய்வில், மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவர மருந்து கொடுக்கப்பட்டவர்களின் மூளை ஓட்டத்தை ஸ்கேனில் பார்த்தார்கள். குறையவில்லை, சற்றுக் கூடியே இருந்தது. (அதில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை, டர்பனில் நம் வீடுகளில் இரண்டும் ஒன்றாகத்தானே குடியிருக்கின்றன.)

அவசர இறக்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது. முன்பு இதே பக்கம், பிரஷர் ஏறினால் நிஃபெடிபின் என்ற பிரஷர் மருந்தின் கேப்ஸ்யூலைக் கடித்து நாக்கடியில் விடச் சொன்னது. அதனால் பக்கவாதமும் மாரடைப்பும் வருகின்றன என்று 1996-லேயே மருத்துவ இதழ்கள் எச்சரித்துவிட்டன. அப்போதும் எழுதினேன், வெளியிடவில்லை. விழாப் படங்களுக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது.

தலை சுற்றுகிறதா? ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து அளக்க வேண்டும். எழுந்து நின்று முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி அளக்க வேண்டும். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், அந்த எண்களைக் கிளினிக் அட்டையில் எழுதிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காவடி விரதம், டர்பனின் பிப்ரவரிக் கோடை வெயில், வயிற்றுப்போக்கு, இவற்றோடு சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் இறக்கம் கூடும். சில புராஸ்டேட் மருந்துகளும் இதைச் செய்யும். இன்னொன்று, யாரும் சொல்லாதது: பிரஷர் அளக்கும்போது பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் அளவு கூட்டிக் காட்டும், அதை நம்பி மருந்தைக் கூட்டுவார்கள், பிறகு தலை சுற்றாமல் என்ன செய்யும்? பெரிய பட்டை கேட்டு வாங்க வேண்டும். அட்டெனலால் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் தாமாக நிறுத்தினால் நெஞ்சு படபடக்கும், இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியே வரும்.

வாய் கோணி, கை தொங்கினால் பக்கவாதமாக இருக்கலாம், வீட்டில் பிரஷர் மாத்திரையும் வேண்டாம், ஆஸ்பிரினும் வேண்டாம். மூளை ரத்தக் குழாயில் அடைப்பா கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். அடைப்பென்றால் அதன் ஓரத்து மூளைத் திசு அந்த உயர்ந்த அழுத்தத்தில்தான் பிழைத்திருக்கும். மருத்துவமனையிலேயே பொதுவாக 220/120 தாண்டாமல் இறக்கமாட்டார்கள், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதானால் மட்டும் 185/110-க்குக் கீழே கொண்டுவருவார்கள். உடனே ஆம்புலன்ஸுக்கு 10177 அழைக்க வேண்டும்.

அந்த வரியைப் படித்துவிட்டு எத்தனை ஆயாக்கள் டப்பாவை மூடிவைத்தார்களோ. அடுத்த இதழில் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். மஞ்சள் கட்டத்தில் வெள்ளை எழுத்தாக வேண்டாம், கண்ணாடி போட்டாலும் தெரிவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்.