செயலாளர் ஆண்டறிக்கை 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான நம் சங்கத்தின் நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

ஜூனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கினோம். சுதந்திர தினத்தன்று தலைவர் கொடியேற்றினார். டிசம்பரில் மிக்ஜாம் புயலால் வியாசர்பாடி முழுக்கத் தண்ணீர் நின்றதால் அந்த மாதக் கூட்டம் நடக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் பாலும் பிரெட்டும் சுமந்து போன தம்பிகளை இங்கே நன்றியோடு பதிவு செய்கிறேன். பொங்கல் விடுமுறையில் சிறுவர் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) போட்டி நல்லபடியாக முடிந்தது.

இனி, கோச் பற்றி ஆளாளுக்குக் கருத்து எழுத நான் மேசையில் வைத்த நோட்டான கருத்தேடு பற்றி. இதற்குச் செலவு செய்தது சரியா என்று சென்ற கூட்டத்தில் கேள்வி எழுந்ததால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2023 ஜூலையில், ஐஎஸ்எல் கால்பந்து லீக்கில் ஆடும் நம் ஊர் அணியான சென்னையின் எஃப்சி, ஓவன் கோய்லை மீண்டும் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியது. அன்று இரவு சங்க வாசலில் நடந்த சண்டையைப் பக்கத்து வீட்டு அம்மா வந்துதான் நிறுத்தினார். சண்டைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019 டிசம்பரில், அப்போதைய கோச் ஜான் கிரிகரி விலகி அணி அடிமட்டத்தில் கிடந்தபோது வந்தவர் கோய்ல். அதே அணியை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். அரையிறுதியில் கோவாவை நேரு ஸ்டேடியத்தில் 4-1 என்று வென்ற இரவு நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கொரோனாவால் ஆளே இல்லாத கோவாவின் ஃபடோர்டா அரங்கில் 2020 மார்ச் 14 அன்று நடந்த இறுதிப் போட்டியில் கொல்கத்தா அணியான ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றோம். அடுத்த சீசனில் அவர் ஜாம்ஷெட்பூர் பக்கம் இருந்தார். 2022இல் அவர்களுக்கு லீக் பட்டியலில் முதலிடத்துக்குத் தரும் ஷீல்டும் வாங்கிக் கொடுத்தார். நமக்கோ சபா லாஸ்லோ, பந்தோவிச், பிரடாரிச் என்று சீசனுக்கு ஒரு கோச். மூன்று சீசனிலும் எட்டாவது இடம்.

ஆளாளுக்குக் கத்துவதைவிட எழுதி வைப்பது நல்லது என்று நினைத்தேன். மறுநாளே நீள நோட்டு ஒன்று வாங்கி, பக்க எண் போட்டு, சங்க முத்திரை குத்தி மேசையில் வைத்தேன். புதிய கோச் பற்றி யார் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் பெயரும் தேதியும் கையெழுத்தும் கட்டாயம். எழுதியதை அழிக்கக் கூடாது.

என்ன எழுதினார்கள் என்பதைக் கொஞ்சமாவது சொல்கிறேன். ஆசாரி வேலை பார்க்கும் மூத்த உறுப்பினர் ஒருவர், “கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை வந்தால் இலை போடுவோம், பீரோ சாவியைக் கொடுக்க மாட்டோம்” என்று எழுதியிருக்கிறார். ரயில்வேயில் ஓய்வு பெற்ற அண்ணன் பர்ன்லி கதையை இரண்டு பக்கத்துக்கு எழுதினார். 2009இல் பர்ன்லி என்ற இங்கிலாந்து அணியை அங்குள்ள மேல்மட்டமான பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்ட கோய்ல், அடுத்த ஜனவரியிலேயே பக்கத்து ஊர் போல்டனுக்குப் போனார். பர்ன்லி ரசிகர்கள் அவரை யூதாஸ் என்றார்கள். அந்த சீசன் முடிவில் பர்ன்லி கீழே இறங்கியது. “பழக்கம் மாறாது” என்பது அண்ணனின் முடிவு. கல்லூரித் தம்பி ஒருவர் “கிரிவெல்லாரோவும் வருவாரா?” என்று ஒரே வரி எழுதினார். 2019–20இல் கோய்லின் அணியில் ஆடிய பிரேசில் வீரர் அவர்; அவரும் வந்தார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது, பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் சகோதரி எழுதிய பக்கம். 2022இல் பந்தோவிச்சை அனுப்பியபோது அணியை ஏற்று நடத்தியவர் நம் சென்னைக்காரர் சபீர் பாஷா. தற்காலிகமாக என்றால் நம் ஆள், முழு சீசனுக்கு என்றால் வெளிநாட்டு ஆளா? 2018இல் கோப்பை வென்ற அணியில் நம் வியாசர்பாடி தனபால் கணேஷ் ஆடினாரே, ஆடத் தகுதி உள்ள ஊருக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுதி இல்லையா என்று கேட்டிருக்கிறார். கோய்லை வரவேற்றவன் நான். ஆனாலும் இந்தக் கேள்வி நியாயமானது என்றே இந்த அறிக்கையில் பதிவு செய்கிறேன்.

சீசன் தொடங்கியதும்தான் நோட்டின் அருமை தெரிந்தது. ஒடிசாவிடம் 2-0, நார்த்ஈஸ்டிடம் 3-0, சொந்த மண்ணில் மோகன் பகானிடம் 3-1. மூன்றும் தோல்வி. வாழ்த்தி எழுதிய சிலர், பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று வந்து நின்றார்கள். நான் கொடுக்கவில்லை. அக்டோபர் கடைசியில் பஞ்சாபை 5-1 என்று அடித்ததும் எதிர்த்து எழுதியவர்கள் வந்தார்கள். அவர்களுக்கும் அதே பதில்: அடித்தல் கூடாது, கீழே தேதி போட்டு இன்னொரு வரி சேர்க்கலாம். இதனால் என்மேல் வருத்தப்பட்டவர்கள் உண்டு. ஆனால் மார்ச் 31 அன்று, ஷீல்டு வெல்லப்போகும் மோகன் பகானை கொல்கத்தாவிலேயே 3-2 என்று, இஞ்சுரி டைமில் இர்ஃபான் யத்வாட் அடித்த கோலால் வென்றோமே, அன்று இரவு நோட்டில் வரிசையில் நின்று எழுதினார்கள். முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒரு கோச்சோடு ஒரு பேட்டை எப்படி வாழ்ந்தது என்பது அதில் இருக்கிறது. ஏப்ரலில் ஆறாவது இடத்தோடு ப்ளே-ஆஃப் போனதும், கோவாவிடம் 2-1 என்று தோற்றதும் அடுத்த ஆண்டுக் கணக்கில் வரும். நாம் இதற்குமுன் கடைசியாக ப்ளே-ஆஃப் போனதும் கோய்லோடுதான் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இப்போது மனதில் உள்ளதைச் சொல்கிறேன். கருத்தேட்டில் கையெழுத்துப் போட்டவர்களில் பலரின் பெயர் சந்தா ரசீதுப் புத்தகத்தில் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து நானே ஒப்பிட்டேன். கோச் நம்மை விட்டுப் போனார் என்று பக்கம் பக்கமாக எழுதியவர்களை, முதல் ஹோம் மேட்ச்சுக்கு நாம் சேர்ந்து பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குக் கிளம்பியபோது காணவில்லை. வெளியூரில் நடந்த அவே மேட்ச்சுகளைச் சங்கச் சுவரில் ஜியோசினிமாவில் போட்டோம். அதற்கு புரொஜெக்டர் வாடகை உண்டு, மின்கட்டணம் உண்டு. பார்க்க வருகிறவர்கள் உண்டியல் இருக்கும் பக்கம் திரும்புவதில்லை. வேலை, குடும்பம், கையில் காசு இல்லாத நிலை எல்லாம் எனக்குத் தெரியும்; அப்படிப்பட்டவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், இதுவரை யாரையும் நெருக்கியதில்லை. வசதி இருந்தும் இரண்டு ஆண்டுகளாக “அடுத்த வாரம்” சொல்பவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் சரிபார்த்துள்ளார். சந்தா, நன்கொடை, செவன்ஸ் நுழைவுக் கட்டணம் ஆகியவை வரவு; வாடகை, பரிசுகள், புயல் நிவாரணம் ஆகியவை முக்கியச் செலவுகள். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. நோட்டுக்கும் நகலுக்கும் ஆன தொகை அதில் மிகச் சிறியது. விவரம் வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் பேரேட்டைப் பார்க்கலாம்.

வழிகாட்டிய தலைவருக்கும், துணைத் தலைவருக்கும், இடம் தந்த உரிமையாளருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், தேநீர் தந்த கடைக்காரருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் கருத்தேட்டைத் தட்டச்சு செய்து, அட்டை போட்டு, ஒரு பிரதியைச் சென்னையின் எஃப்சி அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. உள்ளூர் பயிற்சியாளர்கள் பற்றிய அந்தச் சகோதரியின் பக்கம் முதலில் இருக்கும். இதற்குத் தனி நிதி கேட்கப்போவதில்லை. நிலுவைச் சந்தா வந்தாலே தாராளம். செயலாளர் பொறுப்பை இளையவர் யாராவது ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால், வேலையைப் பாதியில் விட எனக்கு மனமில்லை. ரசீதுப் புத்தகம் இன்று பொருளாளரின் மேசையிலேயே இருக்கிறது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்