வேலை முடிந்தபின் அந்தக் கோப்பு யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கட்டற்ற மென்பொருள் (யாரும் படித்து, மாற்றி, பிறருக்குக் கொடுக்கக்கூடிய மென்பொருள்) குறித்து வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வீட்டில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம், அலுவலகத்தில் விண்டோஸ் என்று இருப்பவர்களுக்குக் கொள்கையில் உறுதி இல்லை என்கிறது கட்டுரை. நானும் அப்படிப்பட்டவள்தான். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சென்னையில் அச்சகங்களுக்கும் பதிப்பகங்களுக்கும் புத்தகப் பக்கங்கள் வடிவமைத்துக் கொடுக்கிறேன். வீட்டுக் கணினியில் 2009 முதல் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு. வேலை செய்யும் இடத்தில் முன்பு பேஜ்மேக்கர், இப்போது இன்டிசைன்; இரண்டும் அடோபி நிறுவனத்தின் பக்க வடிவமைப்பு மென்பொருள்கள். முதலாளி எதை வாங்கி வைத்திருக்கிறாரோ அதன் முன்னால்தான் நான் உட்கார முடியும். கட்டுரை மனதைக் குத்தியது உண்மை. ஆனால் எங்களைப் போன்றவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

2016இல் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒரு குறுந்தகட்டோடு வந்தார். 2003இல் வெளிவந்த அவருடைய புத்தகத்துக்கு மறுபதிப்பு வேண்டும். 380 பக்கம், அதில் அடிக்குறிப்புகளே அறுநூறுக்கு மேல். தகடு நன்றாக இருந்தது, ஃபைலும் திறந்தது, எழுத்து மட்டும் வரவில்லை. பக்கம் பக்கமாக ஆங்கிலக் குறிகளும் கோடுகளும். அந்தக் காலத்தில் தமிழ் மென்பொருள்கள் பல ஒரு பூட்டோடு வரும். டாங்கிள் என்போம். பிரிண்டர் செருகும் இடத்தில் அதைச் செருகியிருந்தால்தான் ஃபான்ட் வேலை செய்யும். அந்தப் பூட்டு எங்கே போனதென்று பழைய அச்சகத்துக்கே தெரியவில்லை. மென்பொருளை விற்ற நிறுவனத்தை மூடி வெகு காலமாகிவிட்டது. பூட்டு கிடைத்திருந்தாலும் இப்போதைய கணினியில் அதைச் செருக இடம் இல்லை.

"ஐயா, பழைய புத்தகத்தைப் பார்த்து மறுபடியும் முதலிலிருந்து அடிக்க வேண்டியதுதான்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "எழுதினது நான்தானம்மா. காசு கொடுத்து அடிக்கச் சொன்னதும் நான்தான். அப்புறம் எப்படி அது எனக்கு இல்லாம போச்சு?" என்று கேட்டார். அடிக்க இரண்டு மாதம், அதற்கு மேல் மூன்று ப்ரூஃப். முதல் பதிப்பில் இல்லாத பிழைகள் சில புதிதாகச் சேர்ந்துவிட்டன. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அச்சுத் தொழிலில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரமான ஒருங்குறி (யூனிகோட்) வருமுன் தமிழ் எழுத்துக்குக் கணினியில் தனி இடம் கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருந்தோம். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து குறிகள். பாமினி ஊரறிந்த ஃபான்ட். ஆகவே அதை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்களைத் தன்னார்வலர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு நிறுவனம் தன் விருப்பப்படி வரிசையை அமைத்து, அதன் மேல் பூட்டும் போட்டிருந்தால் என்ன செய்வது? 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை அதிகாரபூர்வத் தரமாக அறிவித்தது. அதற்குப் பிறகும் பேஜ்மேக்கரில் பழைய ஃபான்ட்களோடு பக்கம் போடும் அச்சகங்களை நான் பார்த்திருக்கிறேன். பேஜ்மேக்கருக்கு ஒருங்குறியே தெரியாது. அதன் கடைசிப் பெரிய பதிப்பு வந்தது 2001இல்.

கட்டற்ற மென்பொருள் என்பதை இலவச மென்பொருள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், உள்ளே என்ன இருக்கிறதென்று படித்து மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இந்த நான்கு சுதந்திரங்களை ஏட்டில் படித்தபோது புரியாதது, அந்த ஆசிரியர் குறுந்தகட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனபோது புரிந்தது.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை 1983இல் அறிவித்து, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் எம்.ஐ.டி. வேலையையும் விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தபோது அவருக்குக் கையில் கிடைத்தது யூனிக்ஸ் என்ற இயங்குதளம். அதுவும் தனியுரிம மென்பொருள்தான், அதாவது உரிமையாளர் அனுமதியில்லாமல் பிறர் மாற்றவோ பகிரவோ முடியாதது. அதற்கு மாற்று எழுதுவதற்காக அதையே பயன்படுத்துவது நியாயம், மாற்று வந்தபின் அந்த நியாயம் கிடையாது என்பது அவர் நிலை. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் நான் நிரல் எழுதுகிறவள் இல்லை. ஆகவே அந்த நியாயத்தை அப்படியே எனக்கென்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் கதை. 2002 முதல் மூன்று ஆண்டுகள் பிட்கீப்பர் என்ற தனியுரிம மென்பொருளில்தான் அதன் மாற்றங்களைப் பதிந்துவந்தார்கள். 2005 ஏப்ரலில் அந்த நிறுவனம் காசில்லாமல் கொடுத்துவந்த அனுமதியை நிறுத்தியது. லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சில வாரங்களுக்குள் கிட் என்ற கருவியை எழுதி வேலையைத் தொடர்ந்தார். கெர்னலின் நிரல் யாரும் படிக்கக்கூடிய சாதாரண உரையாகவே இருந்ததால் எழுந்து வேறு இடத்துக்குப் போக முடிந்தது. ஆனால் அவருடைய கிட் களஞ்சியத்தில் கெர்னலின் வரலாறு இன்றும் 2005 ஏப்ரலில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மாற்றங்களின் வரலாறு அதில் இல்லை.

ஆகவே அலுவலகத்தில் எதில் வேலை செய்கிறாய் என்று எங்களைக் கேட்காதீர்கள். அந்த வேலை எந்த வடிவத்தில் வெளியே போகிறது என்று கேளுங்கள். அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். கையெழுத்துப் பிரதி எதில் வந்தாலும் முதல் வேலையாக ஒருங்குறிக்கு மாற்றித் தனியே எடுத்து வைக்கிறேன். கடைசி ப்ரூஃப் முடிந்ததும் பக்கங்களிலிருந்து உரையை மறுபடி வெளியே எடுக்கிறேன். ஏனென்றால் கரெக்‌ஷன் எல்லாம் லே-அவுட்டில்தான் போட்டிருப்போம், ஆசிரியர் கையில் இருக்கும் ஃபைலில் அவை இருக்காது. அதை ஓ.டி.டி. என்ற திறந்த ஆவண வடிவக் கோப்பாகவும் பி.டி.எஃப். ஆகவும் எழுதியவருக்கே கொடுத்துவிடுகிறேன். முடிந்த இடத்தில் நோட்டோ, லோகித், மீரா இனிமை போன்ற திறந்த உரிம எழுத்துருக்களைப் போடுகிறேன். ஒரு புத்தகத்துக்கு அரை நாள் கூடுதலாகும். முதலாளி முதலில் தயங்கினார், ஒரு மறுபதிப்பு வேலை இரண்டே நாளில் முடிந்தபிறகு தடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருட்டுப் பிரதியைப் போட்டுக்கொண்டு "நமக்கு எல்லாம் ஃப்ரீதான்" என்று சொல்கிறவர்கள் எங்கள் தொழிலில் நிறைய. இது சுதந்திரம் இல்லை. காசு கொடுக்காமலே அதே பூட்டுக்குள் நம்மை வைத்துக்கொள்கிறோம், புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் அதை மட்டுமே கற்றுக்கொடுக்கிறோம். 2013இல் அடோபி தன் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்கு மட்டுமே என்று மாற்றியபோது, சந்தா நின்றால் நம் பக்கத்தை நாமே திறக்க முடியாதே என்ற பேச்சு எங்களிடையே எழவே இல்லை. கிராக் (பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி) எப்போது வரும் என்றுதான் பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சில் நானும் இருந்தேன்.

சரி, மாற்று தயாராக இருக்கிறதா? ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பல ஆண்டுகள் தமிழ் உடைந்துதான் வந்தது. 'கொ' என்று அடித்தால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம். 2017இல் வந்த 1.5.3 பதிப்பிலிருந்து அது சரியானது. அரபி எழுத்துக்காக ஓமான் நாட்டினர் சிலர் போட்ட உழைப்பில் தமிழும் பிழைத்தது. இப்போது கவிதை நூல்களையும் சிறு வெளியீடுகளையும் நான் வீட்டில் அதில்தான் செய்கிறேன். அடிக்குறிப்பு நிறைந்த பெரிய நூலுக்கு இன்னும் துணிவு வரவில்லை. தமிழில் தட்டுப்படும் பிழைகளைப் படம் எடுத்து அதை உருவாக்குகிறவர்களுக்கு எழுதி அனுப்புகிறேன். என்னால் ஆனது அது.

கேரளத்தில் ஜனயுகம் நாளிதழ் 2019இல் பேஜ்மேக்கரை விட்டுவிட்டு ஸ்கிரைபஸுக்கும் லினக்ஸுக்கும் மாறியது. தினமும் பத்திரிகை வெளிவந்தாக வேண்டிய ஓரிடத்தில், ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒருங்குறி மலையாள எழுத்துருக்களோடு செய்து காட்டினார்கள். அந்த முடிவைத் தனி ஒரு வடிவமைப்பாளர் எடுத்திருக்க முடியாது, நிர்வாகம்தான் எடுக்க முடியும். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் இதழின் பழைய பக்கங்கள் எந்த வடிவில் சேமிக்கப்பட்டிருக்கின்றன? தயவுசெய்து அடுத்த இதழில் வாசகர்களுக்குச் சொல்லுங்கள். பேஜ்மேக்கர் கோப்புகளாகவே இருந்தால், அவற்றைத் திறக்கும் கணினி ஒன்றாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றிவிட வேண்டும். என்னைப் போல இந்த வேலை தெரிந்த இரண்டு பேரை நான் அழைத்து வர முடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சென்னை