மாதத்தில் ஒரு நாள் எங்கள் பக்கம் வாருங்கள்: சுகாதாரத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சுகாதாரத்துக்குப் பொறுப்பாக இருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

நான் ஹட்டன் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவன். போன செவ்வாய்க்கிழமை என் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு மூட்டுவாத கிளினிக்குக்குப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை, கம்பளைக்கும் அந்தப் பக்கம் என்றால் உங்களுக்கே விளங்கும். விடியக்காலை மூன்றரைக்குத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, கினிகத்தேனை, நாவலப்பிட்டி என்று வளைந்து வளைந்து போய்ச் சேர்ந்தால், கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சிங்களத்தில் மட்டும். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா வாசித்துச் சொன்னார், இன்றைக்கு கிளினிக் இல்லையாம். உள்ளே இருந்த மிஸ் தங்கச்சியின் கிளினிக் கொப்பியை வாங்கி ஆறு கிழமை தள்ளி ஒரு தேதி எழுதித் தந்தார். அவர் மேல் கோபமில்லை, அவர் என்ன செய்வார்.

தங்கச்சிக்கு 29 வயது, கொழுந்து எடுக்கிறவள். 22 வயதிலேயே இடுப்புக்குக் கீழே, ஒரு நாள் இடது பக்கம், ஒரு நாள் வலது பக்கம் என்று வலி தொடங்கிவிட்டது. தோட்டத்தில் முதுகு வலிக்காத பொம்பளை யார்? கூடை சுமக்கிற முதுகு வலிக்கத்தானே செய்யும் என்று எல்லாரும் சொன்னோம், நானும்தான். டிஸ்பென்சரியில் பனடோல், அப்புறம் தைலம், அப்புறம் "நல்லா ரெஸ்ட் எடும்மா". விடியப்புறம் வலியே அவளை எழுப்பிவிடும், எழும்பினால் ஒரு மணித்தியாலத்துக்குக் கட்டை மாதிரி விறைத்து நிற்பாள், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், ஆனால் மலையில் ஏறி நாலு நிரை எடுத்ததும் உடம்பு இளகிவிடும். "உனக்கு மட்டும் காலையில மட்டும் வர்ற நோவு" என்று கங்காணி சிரிப்பார். பிறகு டொக்டர் சொன்னார், அதுதானாம் இந்த நோயின் அடையாளமே. சுமந்து வந்த வலி என்றால் படுத்தால் குறையும். இது படுத்தால் கூடும், நடந்தால் குறையும். "ஓய்வெடுத்தால் எப்படி இருக்கு?" என்ற ஒரு கேள்வியைக் கேட்க ஆறு வருடம் ஆள் இல்லை.

28 வயதில்தான் பெயர் தெரிந்தது, அங்கைலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டில் உடம்பே அழற்சியை உண்டாக்கி, விட்டுவிட்டால் காலப்போக்கில் எலும்பை எலும்போடு ஒட்டவைத்துவிடக்கூடிய நோய். ஆரம்பத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, தெரிய வருடக்கணக்கும் ஆகலாமாம், எம்.ஆர்.ஐ.யில்தான் அகப்பட்டது. ஒட்டிய எலும்பை மருந்தால் திரும்பப் பிரிக்க முடியாது. அதனால்தான் ஐயா, ஆறு கிழமை என்பது எங்களுக்கு வெறும் ஆறு கிழமை இல்லை.

வலிக்கும் வீக்கத்துக்குமான குளிசை, நெப்ரொக்சனும் இன்னொன்றும், முழு அளவில் வயிற்றுக்கு ஒமெப்ரசோலோடு போட்டுப் பார்த்தாயிற்று. பிசியோ மிஸ் காட்டிக்கொடுத்த பயிற்சியை லயத்து வாசலில் தினமும் செய்கிறாள், பிள்ளைகள் கூடி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். போதவில்லை. அடுத்தது, அழற்சியைக் கிளப்புகிற டி.என்.எஃப். என்ற பொருளை உடம்பில் தடுக்கிற ஊசி. அதைப் போட்டால் உள்ளே உறங்கும் காசநோய் கிளம்பிவிடலாம் என்று கையில் குத்திப் பார்க்கிற சோதனை, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் முடித்து, அந்த ரிப்போர்ட்டுகளை ஒரு பைக்குள் வைத்து மடியில் அணைத்துக்கொண்டுதான் செவ்வாய்க்கிழமை வந்தாள். யாரும் அந்தப் பையைத் திறக்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் சீட் இருந்தது. அவள் உட்காரவில்லை. ஒரே இடத்தில் அசையாமல் இருப்பதுதான் இந்த நோய்க்கு ஆகவே ஆகாது, போகும்போது உட்கார்ந்து, பெஞ்சில் உட்கார்ந்து, இனி முடியாது என்று கம்பியைப் பிடித்து நின்றாள். கண்டக்டர் "வாடிவென்ன நங்கி, வாடிவென்ன", உட்காரு தங்கச்சி என்று சிங்களத்தில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, ஏதோ வீம்பு என்று நினைத்து முறைத்தார். நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டன் வரைக்கும் நின்றே வந்தாள். உட்காரக்கூடாத நோய்க்கு நாள் முழுக்க உட்காரவைத்து வைத்தியம் பார்க்கிற ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ, கெட்டிக்காரர்தான். (ஆட்டோவில் கூட்டிப் போகலாமே என்பீர்கள். அந்தக் குலுக்கலை அவள் இடுப்பு தாங்காது.)

கேட்பது ஒன்றுதான். மாதத்தில் ஒரு நாள் மூட்டுவாத டொக்டர் எங்கள் பகுதி ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

இதை ஏற்கெனவே கேட்டோம். அது மாகாணத்தின் வேலை என்று ஒருவர், இல்லை அமைச்சின் வேலை என்று இன்னொருவர். 2023இல் எங்கள் மக்கள் மலையகத்துக்கு வந்து 200 வருடம் என்று மேடை போட்டார்கள், மாலை போட்டார்கள். 1987இலேயே தமிழும் அரசகரும மொழி என்று எழுதிவைத்தார்கள், கதவில் ஒட்டுகிற தாளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. சரி, அதையெல்லாம் விடுங்கள், கேட்க வந்ததை மறந்து கோபம் போகிறது, மன்னிக்க வேண்டும்.

தயவுசெய்து மாதத்தில் ஒரு நாள். அதுவரைக்கும் கிளினிக் இல்லாத நாளில் முதல் நாளே போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பர் கொப்பியின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரிக்காரருக்கு அந்த ஒரு கேள்வியையும், கண் சிவந்து வலித்தால் உடனே அனுப்ப வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள், இந்த நோய் கண்ணுக்குள்ளும் வருமாம்.

இடமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் பல் கிளினிக்குக்குப் பக்கத்து அறை பூட்டித்தான் கிடக்கிறது. விசாரித்தேன், திறப்பு வாட்ச்சர் ஐயாவிடம் இருக்கிறதாம்.

இப்படிக்கு,
கொப்பியோடு காத்திருக்கும் ஒரு அண்ணன்