அயல்நாட்டு நோட்டும் நம் நோட்டுதான்

அன்புள்ள தனலட்சுமிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. உன் முழங்கால் வலி குறைந்திருப்பதும், பேரன் ஜெர்மன் மொழியில் உனக்கே பாடம் எடுக்கத் தொடங்கியிருப்பதும் படித்து மகிழ்ந்தேன். இங்கு வீட்டில் எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். முடிவானதும் விவரமாக எழுதுகிறேன்.

ரொட்டிக் கடையில் நீ நீட்டிய 50 யூரோ நோட்டைக் கல்லாவில் இருந்த பெண் விளக்கில் காட்டாமல், இயந்திரத்திலும் போடாமல், ஓரத்தை விரலால் ஒருமுறை தடவி, லேசாகச் சாய்த்துப் பார்த்து வாங்கிக்கொண்டாள் என்று எழுதியிருந்தாய். நாம் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து பல வருடங்களில் கற்றுக்கொண்டதை, இருபது வயதுகூட நிரம்பாத அந்தப் பெண்ணுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்றும் கேட்டிருந்தாய். நான் ஓய்வு பெற்ற பிறகு அதிகம் படித்துவருவது இந்தக் கள்ளநோட்டுச் சமாசாரத்தைத்தான் என்பது உனக்குத் தெரியும். ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தப் பெண் செய்தது முறையான பரிசோதனைதான். தொட்டுப் பார், உற்றுப் பார், சாய்த்துப் பார் என்று மூன்று படிகளாக ஐரோப்பிய மத்திய வங்கி அதைச் சொல்லித் தருகிறது. இப்போது புழங்கும் 50 யூரோ நோட்டு 2017 ஏப்ரலில் வெளிவந்தது. முழுக்கப் பருத்தியால் ஆன தாள் என்பதால் விறைப்பாக இருக்கும். முன்பக்கத்தின் இடது, வலது ஓரங்களில் சிறு சிறு கோடுகள் மேடாக அச்சாகியிருக்கும். நகத்தால் சுரண்டினாலே அவை தட்டுப்படும். சாய்த்தால், கீழே இடது மூலையில் உள்ள பச்சை எண்ணின் மேல் ஒரு வெளிச்சம் மேலும் கீழுமாக நகர, எண் நீலமாக மாறும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், மின்னும் பட்டையில் உள்ள சிறிய ஜன்னல் கண்ணாடிபோலத் தெளிந்து, யூரோப்பா என்னும் புராணப் பெண்ணின் முகம் அதில் தெரியும். அடுத்த முறை கையில் வரும்போது நிதானமாகப் பார். நம் கைகள் இதையெல்லாம் மறந்திருக்காது.

அந்தப் பெண் நேரடியாக யாரிடம் கற்றாள் என்று சொல்ல முடியாது. ஆனால் கற்றுக்கொள்ள வழி இருக்கிறது. ஜெர்மனியின் மத்திய வங்கியான புண்டெஸ்பாங்க், கடைக்காரர்களுக்கும் காசாளர்களுக்கும் கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கும் பயிற்சியைக் கட்டணம் இல்லாமல் நடத்துகிறது. அந்நாட்டில் பிடிபடும் நோட்டுகளை ஆராயும் தேசிய மையம், உன் ஊரான ஃபிராங்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள மைன்ஸ் நகரில் இருக்கிறது. இதற்கும் மேலே ஓர் ஏற்பாடு இருக்கிறது. பெரிக்ளீஸ் என்று பழைய ஏதென்ஸ் தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்கிய அந்தத் திட்டத்தைப் பற்றித்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

யூரோ நோட்டும் நாணயமும் 2002 ஜனவரி 1 அன்று மக்கள் கைக்கு வந்தன. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே, 2001 டிசம்பரில், பெரிக்ளீஸ் திட்டத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புதல் தந்துவிட்டது. காவல்துறையினர், நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள், மத்திய வங்கிக்காரர்கள், நாணயச் சாலைக்காரர்கள், வணிக வங்கி ஊழியர்கள் ஆகியோரை நாடு கடந்து ஒன்றாக உட்காரவைத்துப் பயிற்சி தருவதும், ஒரு நாட்டு அதிகாரியை இன்னொரு நாட்டு அலுவலகத்தில் சில நாட்கள் வேலை பார்க்கவைப்பதும், ஆய்வுகளுக்கும் கருவிகளுக்கும் பணம் தருவதும் இதன் வேலைகள். ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் நாடுகளின் அதிகாரிகளும் கலந்துகொள்ளலாம். செலவில் முக்கால் பங்கு வரையிலும், சில சமயம் 90 சதவீதம் வரையிலும் ஒன்றியமே தருகிறது.

இதற்குச் செலவாகும் தொகையைப் பார்த்து அசந்துபோனேன். 2021 முதல் 2027 வரையிலான ஏழு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒதுக்கியிருப்பது ஏறத்தாழ 62 இலட்சம் யூரோ. ஆண்டுக்கு 9 இலட்சத்தைத் தொடவில்லை. புழக்கத்தில் இருக்கும் யூரோ நோட்டுகளோ சுமார் 3,000 கோடி. இவ்வளவு பெரிய ஒரு பணத்துக்கு இவ்வளவு சிறிய தொகையில் நடக்கும் காவல் இது. பயன் உண்டா என்று நீ கேட்பாய். 2015 இல் புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்ட கள்ள யூரோ நோட்டுகள் 8,99,000. 2021 இல் அது 3,47,000 ஆகக் குறைந்தது, அதாவது பத்து இலட்சம் நல்ல நோட்டுக்குப் பன்னிரண்டு. 2024 இல் மறுபடி 5,54,000 ஆக ஏறி, பத்து இலட்சத்துக்குப் பதினெட்டு ஆனது. இந்த இறக்கத்தைப் பயிற்சியின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. புதிய நோட்டு வரிசை வந்ததும், கொள்ளைநோய்க் காலத்தில் ரொக்கப் புழக்கம் சுருங்கியதும் காரணங்கள். ஆனால், கள்ளநோட்டு அச்சடிப்பவர்கள் ஓய்வதே இல்லை என்பதை அந்த ஏற்றம் காட்டுகிறது.

இதன் வேர் எங்கே இருக்கிறது என்று தேடிப்போனால், உன்னையும் என்னையும் போன்ற ஒரு காசாளரிடம் போய் நிற்கிறது. 1925 டிசம்பரில், நெதர்லாந்தின் ஹேக் நகர வங்கி ஒன்றில் ஹங்கேரியின் ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர் 1,000 பிராங்க் பிரெஞ்சு நோட்டை மாற்ற வந்தார். அரசின் தூதஞ்சல் கொண்டுசெல்பவருக்கான கடவுச்சீட்டு அவரிடம் இருந்தது. நோட்டின் மேல் வங்கியில் சந்தேகம் எழுந்தது, ஆள் பிடிபட்டார். நூலைப் பிடித்துக்கொண்டு போனபோது, அந்த நோட்டுகள் புடாபெஸ்டில் வரைபடம் அச்சிடும் அரசு நிறுவனத்திலேயே தயாரானவை என்பதும், ஒரு பிரபுவும் நாட்டின் காவல்துறைத் தலைவருமே அதில் சம்பந்தப்பட்டிருந்தார்கள் என்பதும் வெளிவந்தன. முதல் உலகப் போருக்குப் பின் தங்கள் நாடு துண்டாடப்பட்டதற்குப் பிரான்சைப் பழிவாங்குகிறோம் என்று அவர்கள் நினைத்தார்கள். தங்கள் நாட்டு நோட்டைத் தொட்டிருந்தால் அது குற்றம். எதிரி நாட்டு நோட்டு என்பதால் அதைத் தேசபக்தி என்று சொல்ல அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

இதன் பிறகுதான் பிரான்ஸ், ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்திடம் போய் முறையிட்டது. 1929 ஏப்ரல் 20 அன்று ஜெனிவாவில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. உன் நாட்டு நோட்டைப் போலியாக அடித்தால் என்ன தண்டனையோ, அதேதான் அயல்நாட்டு நோட்டை அடித்தாலும் தர வேண்டும். எந்த வேறுபாடும் காட்டக்கூடாது. அதோடு, ஒவ்வொரு நாடும் கள்ளநோட்டுப் புலனாய்வுக்கென்று ஒரு மைய அலுவலகத்தை வைத்துக்கொண்டு, மற்ற நாடுகளின் மைய அலுவலகங்களோடு நேரடியாகத் தொடர்புகொள்ள வேண்டும். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன; இன்றைக்கும் எல்லாம் இந்த உடன்படிக்கையின் மேல்தான் நிற்கின்றன. யூரோவுக்கு என்று தனி ஒரு நாடு இல்லாததால், 2005 இல் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலையே யூரோவின் மைய அலுவலகமாக அறிவித்தார்கள்.

அந்த உடன்படிக்கையின் உள்ளக்கிடக்கை நம் சட்டத்திலும் உண்டு. போலி அமெரிக்க டாலர் நோட்டுகள் பற்றிய ஒரு வழக்கில், அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கள்ளநோட்டு அடிப்பதைக் குற்றமாக்கிய 489ஏ பிரிவு இந்திய நோட்டுகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று கேரள உயர்நீதிமன்றம் கருதியது. அரசு மேல்முறையீடு செய்ய, எந்த நாட்டு நோட்டானாலும் அந்தப் பிரிவுக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1986 இல் தீர்ப்பளித்தது. நாம் அப்போது வங்கியில் இருந்தோம். இந்தத் தீர்ப்பை அந்நாளில் யாரும் நமக்குச் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? பெரு நாட்டின் தலைநகரான லிமாவில் ஒரு காவலரை எண்ணிப் பார். அந்த நாட்டில் நல்ல தரமான போலி டாலர்களை வெகுகாலமாக அடித்துவருகிறார்கள். அச்சான தாளில் பாதுகாப்பு இழையைக் கையாலேயே செருகிச் சீர்செய்யும் வேலை வீடுகளுக்குள் நடக்கிறது. போலி யூரோவும் அங்கே பிடிபட்டிருக்கிறது. அந்தக் காவலருக்குத் தன் ஊரில் கொலையும் கொள்ளையும் இருக்கும்போது, தான் சம்பளமாகக் கூட வாங்காத அயல்நாட்டுப் பணத்தைக் காப்பாற்ற என்ன அவசரம்? அமெரிக்காவின் சீக்ரெட் சர்வீஸ், 1865 இல் கள்ளநோட்டை ஒழிக்கவென்றே தொடங்கப்பட்ட அமைப்பு. லிமாவிலேயே அலுவலகம் போட்டு, உள்ளூர்க் காவல்துறையோடு சேர்ந்து வேலை செய்கிறது. யூரோ தரப்பில் ஸ்பெயின் நாட்டவர்கள், மொழி ஒன்றாக இருப்பதால், லத்தீன் அமெரிக்க அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவதில் முன்நிற்கிறார்கள். ஒரே மேசையில் ஒரு வாரம் உட்கார்ந்து, ஒரே பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தவர்கள் பிறகு தொலைபேசியில் கூப்பிட்டால் எடுப்பார்கள். கடிதம், முத்திரை, தூதரகம் என்று மாதக்கணக்கில் நகரும் வேலை ஒரே பகலில் முடியும். ஆகவே பெரிக்ளீஸ் தரும் காசில் கருத்தரங்குகளையும் கருவிகளையும்விட, அதிகாரிகளை ஒருவர் அலுவலகத்துக்கு ஒருவர் அனுப்பும் பரிமாற்றத்துக்கே நான் முதலிடம் தருவேன். கருத்தரங்கில் கேட்டது நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிடும். கூட இருந்து வேலை பார்த்ததுதான் கைக்கு வரும்.

நோட்டுகளை வகைப்படுத்தும் முறையும் அப்படியொரு கூட்டு வேலை. ஒரு நாட்டில் கள்ளநோட்டு பிடிபட்டால், அச்சு முறை, தாள், பிழைகள் ஆகியவற்றைத் தேசிய ஆய்வு மையம் பார்க்கிறது. புதிய வகை என்றால், ஃபிராங்ஃபர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கியின் ஆய்வு மையம் அதற்கு ஒரு வகை எண் கொடுத்துப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றுகிறது. அதன் பிறகு ஸ்பெயினில் ஒரு கடையில் பிடிபட்டதும் லித்துவேனியாவில் பெட்ரோல் பங்கில் பிடிபட்டதும் ஒரே அச்சகத்தில் பிறந்தவை என்று தெரிந்துவிடும். இதற்கு முன்பு ஒரு தடங்கல் இருந்தது. பறிமுதல் செய்த நோட்டு, வழக்கின் சான்றுப் பொருளாக முத்திரையிடப்பட்டு நீதிமன்ற அறையில் முடங்கிக் கிடந்தால், ஆய்வாளர் எதைப் பார்ப்பார்? வழக்கு நடக்கும்போதே நோட்டைத் தாமதமின்றி ஆய்வுக்கு அனுப்ப இடம் தர வேண்டும் என்று 2014 இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த நெறிமுறை கட்டாயமாக்கியது. அச்சடிப்பவருக்கான அதிகபட்சத் தண்டனை எட்டு ஆண்டுகளுக்குக் குறையக்கூடாது என்று சொன்னதும் அதே நெறிமுறைதான். பேசப்பட்டதெல்லாம் தண்டனை, எனக்கு முக்கியமாகப் படுவது ஆய்வுக்கு அனுப்பும் விதி. நீதிபதிகளையும் பயிற்சிக்குக் கூப்பிடுவதன் அருமை இங்கேதான் புரிகிறது.

இப்போதைய தலைவலி வேறு. இணையத்தின் இருட்டு மூலைகளில் மின்னும் ஒட்டுப்பட்டைகளும் அச்சடித்த நோட்டுகளும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. தபாலில் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. திரைப்படக் காட்சிக்கு என்ற பெயரில் விற்கும் நோட்டுகளில், அது நிஜமல்ல என்று அச்சிட்டே இருக்கும். அதையும் அவசரத்தில் வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு குறை. பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே விஷயம் தெரிந்த அதிகாரிகள். 20, 50 யூரோ நோட்டுகளைத்தான் அதிகம் போலியாக அடிக்கிறார்கள் என்பதால், அடி விழுவது சந்தைக் கடைக்காரர்கள் மேலும் வாடகைக்கார் ஓட்டுநர்கள் மேலும்தான். கள்ளநோட்டு என்று தெரிந்த பின் அதற்குப் பதில் நல்ல நோட்டு யாரும் தரமாட்டார்கள். நஷ்டம் கடைசியாக வாங்கியவருக்கு. கீரை விற்ற அம்மாள் ஒருவர் நம் கவுண்டரில் நின்று அழுததை நீ மறந்திருக்க மாட்டாய். அவர்கள் வரைக்கும் இந்தப் பயிற்சி போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

நம் பக்கத்திலும் இதே வழிதான். நம் ரூபாய்க்கு வங்கதேசம், நேபாளம் வழியாக வரும் போலிகள் பழைய தொல்லை. 2015 ஜூனில் வங்கதேசத்தோடு கள்ளநோட்டுக் கடத்தலைத் தடுக்க ஒப்பந்தம் போட்டார்கள். வங்கதேசம், நேபாளம் ஆகிய இரு நாட்டுக் காவல் அதிகாரிகளுக்கும் நம் ரூபாய் நோட்டைப் பற்றி இந்தியா பயிற்சி நடத்துகிறது. டாக்காவில் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரி காந்தி படத்தின் நீர்க்குறியை உற்றுப் பார்க்கக் கற்றுக்கொள்வது, லிமாக்காரர் யூரோவைக் கற்றுக்கொள்வது மாதிரிதானே?

பல்கேரியா 2026 ஜனவரி 1 முதல் யூரோவுக்கு மாறிவிட்டது. அங்கே ஒவ்வொரு காசாளரும் லெவ் நோட்டில் பழகிய விரல்களை யூரோவுக்குப் பழக்க வேண்டியிருக்கும். ஒரு நாடே பணம் மாற்றும் சமயத்தில் கள்ளநோட்டுக்காரர்களும் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே நுழையப் பார்ப்பார்கள் என்பதால், அங்கிருந்து வரும் செய்திகளைக் கவனித்து வருகிறேன்.

உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். புண்டெஸ்பாங்க் நடத்தும் பயிற்சிக்குப் பொதுமக்களையும் அனுமதிப்பார்களா என்று உன் மருமகனை விட்டு விசாரித்துச் சொல். அனுமதித்தால் நீயே ஒரு நாள் போய் உட்கார். அவர்கள் எதை முதலில் சொல்லித் தருகிறார்கள், கையில் உண்மையான கள்ளநோட்டைக் கொடுத்துத் தடவிப் பார்க்க விடுகிறார்களா, நோட்டை நீட்டிய வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்றும் கற்றுத் தருகிறார்களா என்பதையெல்லாம் விவரமாக எழுது. நம் பழைய கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் அவ்வப்போது என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள், அவர்களுக்குச் சொல்வேன்.

பேரனுக்கு என் ஆசிகள்.

என்றும் அன்புடன்,
ராஜேஸ்வரி